வலி தெரியாத கால்



நம் வரதய்யபாளையம் பக்கத்தில் பலர் வயல் வேலை செய்கிறோம். சிலர் ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்குப் போகிறோம். எந்த வேலை என்றாலும் கால்தான் நம்மைச் சுமக்கிறது. அந்தக் காலைக் காப்பது பற்றிப் பேசுவோம்.

முள் குத்தினால் என்ன செய்வோம்? "அம்மா" என்று நிற்போம். முள்ளை எடுப்போம். நிற்கச் சொன்னது எது? வலிதான். வலி நம் காவல்காரன். காவல் இல்லாத வீட்டில் திருடன் வந்தது தெரியாது. வலி தெரியாத காலில் காயம் வந்தது தெரியாது.

காலில் வலி ஏன் தெரியாமல் போகிறது? தொழுநோய் நரம்பைக் கெடுக்கும். சர்க்கரை நோயும் நரம்பைக் கெடுக்கும். பிறகு கல் குத்தினாலும் தெரியாது. நெருப்புச் சுட்டாலும் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகும். புண் எலும்புவரை போகும். கடைசியில் விரலை, சில சமயம் காலையே எடுக்க வேண்டி வரும். கால் போனால் கூலி போகும். குடும்பம் தவிக்கும்.

நம் பழைய சித்தூர் மாவட்டத்துக்கு அடுத்தது வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் டாக்டர் பால் பிராண்ட் வந்தார். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று அப்போது மக்கள் நம்பினார்கள். டாக்டர் அப்படியே நம்பவில்லை. நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார்.

அவர்கள் சூடான பாத்திரத்தை வெறும் கையால் எடுத்தார்கள். சுட்டது தெரியவில்லை. சிலருக்கு இரவில் விரல் குறைந்தது. காலையில்தான் தெரிந்தது. இரவில் கண் விழித்துப் பார்த்தார்கள். எலி கடித்தது! வலி இல்லை, அதனால் தூக்கம் கலையவில்லை. பிறகு நோயாளிகள் பூனை வளர்த்தார்கள்.

இதிலிருந்து என்ன தெரிந்தது? விரல் தானாக விழுவதில்லை. கவனிக்காத காயம்தான் பெரும்பாலும் விரலைக் கெடுக்கிறது. காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம்.

தொழுநோயை மருந்து குணமாக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். உணர்ச்சி இல்லாத, நிறம் வெளுத்த தேமல் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். வெட்கம் வேண்டாம். ஆனால் போன உணர்ச்சி பலருக்குத் திரும்புவதில்லை. சர்க்கரை நோயிலும் அப்படித்தான். ஆகவே காலை ஆயுள் முழுவதும் காக்க வேண்டும்.

எப்படிக் காப்பது? தினமும் காலைக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். பிறகு உள்ளங்காலைப் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, முள் இருக்கிறதா? குனிய முடியாவிட்டால் கண்ணாடியில் பாருங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் வறண்டால் எண்ணெய் தடவுங்கள். விரல் இடுக்கில் தடவ வேண்டாம்.

தொழுநோயால் தோல் தடித்தவர்கள் அரை மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் காலை ஊற வைத்து, சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். புண் இருந்தால் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊற வைக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

வெறுங்காலோடு நடக்காதீர்கள். பின்பட்டை உள்ள, மிருதுவான செருப்புப் போடுங்கள். போடும் முன் உதறிப் பாருங்கள். புண் வந்தால் அந்தக் காலை ஊன்றாதீர்கள். வலி இல்லையே என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

"இதெல்லாம் நான்கு நாள் செய்வோம், பிறகு மறந்துபோகும்" என்பீர்கள். உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது.

புதிதாக நேரம் தேடாதீர்கள். வேலை முடிந்து வந்ததும் எப்படியும் கால் கழுவுகிறோம். அப்போதே காலையும் பாருங்கள். பழைய பழக்கம் புதிய பழக்கத்தைக் கைபிடித்து அழைத்துப் போகும்.

துணை தேடுங்கள். 1990-களில் எத்தியோப்பியா நாட்டில் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் குழுவாகக் கூடினார்கள். ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். நம் மகளிர் குழுக் கூட்டத்திலும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாமே!

நமக்கு இப்போது எழுதத் தெரியும். சுவரில் உள்ள காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுங்கள். புண் கண்டால் தேதியையும் எந்தக் கால் என்பதையும் எழுதுங்கள். மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் வருந்தாதீர்கள். மறுநாள் தொடருங்கள்.

தாய்மார்களே, வீட்டில் பிள்ளைக்கு முள் குத்தினால் ஓடிப் போய்ப் பார்க்கிறீர்கள். உங்கள் காலை யார் பார்ப்பார்கள்? நீங்கள்தான் பார்க்க வேண்டும். இன்று மாலையே முதல் கோட்டைப் போடுங்கள்.