சிறு துளை அறுவையும் பயிற்சியும்

 

முன்பு வயிற்றை நீளக் கீறிச் செய்த பித்தப்பை அறுவையை இன்று பெரும்பாலும் நான்கு சிறு துளைகளின் வழியே செய்கின்றனர். கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து, ஒரு துளையில் கேமராவையும் ஏனையவற்றில் நீண்ட கருவிகளையும் நுழைக்கின்றனர். 1985இல் ஜெர்மன் நாட்டு மருத்துவர் எரிக் மூகே இம்முறையில் பித்தப்பையை முதன்முதலாக அகற்றினார். 1990இல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா இதனைச் செய்து காட்டினார். இதன் அருமையை நாட்கூலி பெறுவோர் நன்கறிவர். காயம் சிறிதாதலால் விரைவில் வேலைக்குத் திரும்பலாம். வீட்டில் அடுப்பும் அணையாது.

ஆயினும், துளை சிறிதென்பதால் ஆபத்தும் சிறிதென எண்ணலாகாது. மருத்துவர் உறுப்பைக் கையால் தொட்டறிய இயலாது. தட்டையான திரையைப் பார்த்தே ஆழத்தைக் கணிக்க வேண்டும். கையை வலப்புறம் அசைத்தால் கருவியின் முனை இடப்புறம் செல்லும். பழகாத கைக்கு இது வசப்படாது. தொடக்க ஆண்டுகளில் சில நாள் வகுப்போடு பலர் இவ்வறுவையில் இறங்கினர். பித்தநாளம் காயமுற்று நோயாளிகள் அல்லலுற்றனர். ஆகவே 1992இல் நியூயார்க் மாநில நலத்துறை, தேர்ந்தவர் மேற்பார்வையில் 15 அறுவைகள் செய்த பின்னரே ஒருவர் தனித்துச் செய்யலாம் என நெறி வகுத்தது.

அவ்வாறாயின் முதற்பாடத்தை எவர் உடலில் கற்பது? அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழையின் உடலிலா? கூடாது. அதற்கென்றே பயிற்சிப் பெட்டி உள்ளது. மூடிய பெட்டிக்குள் கருவிகளை நுழைத்து, திரையைப் பார்த்தவாறே சிறு பொருள்களை இடம் மாற்றவும், வரைந்த வட்டத்தை வெட்டவும், முடிச்சிடவும் பழகலாம். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்கள் பங்கேற்றனர். கணினி மாதிரியில் முன்பே பழகியோர் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பணியை 29 விழுக்காடு விரைவாக முடித்தனர். அவர்தம் தவறுகளும் மிகக் குறைவு.

மாணவச் செல்வங்களே! அப்பெட்டி எவருடைய குலத்தையும் கேட்பதில்லை. எடுத்துக்கொண்ட நேரத்தையும் செய்த பிழையையுமே கணக்கிடுகிறது. கைத்திறன் பிறப்போடு வருவதென்பார்க்கு இதுவே தக்க மறுமொழி. நீங்கள் மருத்துவக் கல்லூரியில் கால் வைக்கும் நாளில், பயிற்சிப் பெட்டி பூட்டிய அறையில் உறங்காமல் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டுமெனக் கேளுங்கள். அது சலுகையன்று, உங்களை நம்பி மேசையில் படுக்கப்போகும் நோயாளியின் உரிமை.