படைக்குப் போன பிள்ளை

நேற்றுச் சொற்பொழிவு முடிந்ததும் ஓர் அம்மையார் கண்கலங்கி நின்றார். மகன் குன்னூரை அடுத்த வெலிங்டனில், மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறானாம். "தொலைபேசியில் அவன் குரல் கேட்டதும் அழுதுவிடுகிறேன், ஐயா" என்றார்.

அம்மா, சிறுத்தொண்ட நாயனாரை எண்ணிப் பாருங்கள். பரஞ்சோதியாராய் யானையேற்றமும் குதிரையேற்றமும் படைக்கலமும் பயின்றவர். வாதாபியை வென்ற சேனாதிபதி. அத்தனை போர்களுக்கிடையிலும் சிவபத்தி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லையே!

விடியுமுன் எழுந்து ஓடும் பிள்ளைக்குச் சுமக்க மூட்டை உண்டு. அதில் உங்கள் கண்ணீரையும் ஏற்றாதீர்கள். பேச்சில் நாத் தழுதழுத்தால் மடல் எழுதுங்கள். பசு கன்று ஈன்றதை எழுதுங்கள். தேர் நிலைக்கு வந்ததை எழுதுங்கள். தங்கை போட்ட சண்டையையும் விடாதீர்கள். கூடவே ஒரு பொட்டலம் திருநீறு. அழத்தான் வேண்டுமென்றால், இதோ அம்பாள் சந்நிதி. இங்கே வந்து அழுங்கள்.