சும்மா ஒரு புகையிரதப் பயணம்



நாவிதன்வெளியிலிருந்து வந்த ஒருவன் புகையிரதத்தைப் பற்றிப் பேச முற்படுவதைக் கேட்டு, எங்கள் பகுதியை அறிந்தவர்கள் நகைக்கக்கூடும். அம்பாறைக் கரையோரத்தில் தண்டவாளமே கிடையாது. வண்டியேற விரும்புவோர் கிட்டங்கியைக் கடந்து கல்முனைக்குச் சென்று, அங்கிருந்து பஸ்ஸிலே மட்டக்களப்புவரை போகவேண்டும். மாரி வெள்ளத்தில் கிட்டங்கி வழி அடைபட்டுப்போன நாட்களும் பல. ஆதலால் எங்கள் முதியோர் 'கோச்சி' என்று சொல்லும் அந்த வண்டி, காரியம் உள்ளவர்கள் மட்டுமே ஏறும் வாகனமாக எங்கள் மனத்தில் நிலைத்துவிட்டது. கொழும்பிலே கந்தோர் அலுவல், பெரியாஸ்பத்திரி, வெளிநாட்டுப் பயணம், இவற்றுள் ஒன்றேனும் இருக்கவேண்டும்.

காரியம் எதுவுமின்றி, துணையுமின்றி, இறங்கும் இடத்தையும் தீர்மானியாது அதில் ஏறிச் செல்வதிலுள்ள இன்பத்தைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இதனைச் சிறிய இன்பமென்று எண்ணிவிடவேண்டாம். நாங்கள் வாலிபராயிருந்த காலத்தில், கிழக்கிலே சும்மா பயணம் செய்வதென்பது நடவாத காரியம். சோதனைச்சாவடிதோறும் இறங்கி வரிசையாக நடந்தோம். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாரிடம் போகிறாய் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை நாவிலே ஆயத்தமாக இருக்கவேண்டும். 'சும்மா' என்று விடை சொல்பவன் வீடு திரும்புவது நிச்சயமில்லை. 1928 ஆம் ஆண்டு மட்டக்களப்பை எட்டிய புகையிரதமும் ஆண்டுக்கணக்காகத் தடைப்பட்டிருந்தது. போர் 2009 இல் முடிந்தது. ஆயினும், கேட்பார் இல்லாதபோதும் காரணங்களை அடுக்கிவைக்கும் பழக்கம் எங்களை விட்டு நீங்கவில்லை.

2014 ஓகஸ்ட் விடுமுறையிலேதான் நான் முதன்முதலாகக் காரணமின்றி வண்டியேறினேன். சீட்டுக் கொடுப்பவர் "எங்கே?" என்றார். கண்ணிற்பட்ட பெயரைச் சொன்னேன். அது கல்ஓயா.

ஏறாவூர், வாழைச்சேனை கழிந்தபின் காடு தொடங்கும். அதன் பின்னர் மன்னம்பிட்டியில் மகாவலிமீது இரும்புப் பாலம் வரும். 2007 இல் புதிய வீதிப் பாலம் திறக்கப்படும்வரை, பஸ்ஸும் லொறியும் புகையிரதமும் அந்த ஒரே பாலத்தையே மாறி மாறிப் பயன்படுத்தின. ஒற்றைப் பாதையாதலால் எதிர்வண்டிக்காகத் தரித்து நிற்பதும் உண்டு. நிலைய அதிபர் வளையத்தில் கோத்த அனுமதித் தகட்டைக் கையளித்தாலன்றிச் சாரதி வண்டியை நகர்த்தமாட்டார். ஆண்டு முழுவதும் மணியடித்துப் பிறரை ஓடவைக்கும் பாடசாலை அதிபருக்கு, அத்தனை பெரிய இயந்திரம் ஒரு சிறு தகட்டுக்காகக் காத்து நிற்பதைப் பார்த்திருப்பது தனிச் சுகம்!

தனியே செல்பவனிடம் பிறர் பேசுவார்கள். குடும்பத்தோடு செல்பவனிடம் எவர் பேசுவார்? எதிரே இருந்த ஓட்டமாவடிப் பெரியவர், "எங்க பயணம், தம்பி?" என்றார். பழைய வினா! ஒரு கணம் என் நெஞ்சு துணுக்குற்றது. "சும்மாதான், காக்கா" என்றேன். "அப்ப அவசரமில்ல. இருங்க, தேத்தண்ணி குடிப்பம்" என்று குடையை எடுத்துவிட்டு இடந்தந்தார். பொலன்னறுவைவரை நெல் விலையும் பேரப்பிள்ளைகளின் படிப்புமாகப் பேசிக்கொண்டே போனோம்.

கல்ஓயாவில் பாதை பிரிகிறது. ஒன்று மாகோவை நோக்கியும் மற்றொன்று திருகோணமலையை நோக்கியும் செல்லும். திரும்பிவிடலாம் என்றுதான் இறங்கினேன். நெடுநேரத்தின் பின் திருகோணமலை வண்டி வந்தது; ஏறிவிட்டேன். கந்தளாய், தம்பலகாமம் என்று வயல்கள் விரிந்தன. சீனன்குடாவில் கடல் தோன்றியது. எங்கள் கல்முனைக் கடல் ஓயாது கரையை அறைந்துகொண்டிருக்கும். இதுவோ குளம்போலக் கிடந்தது. இரண்டும் ஒரே கிழக்குக் கடல்தானா என்று அன்று ஐயுற்றேன்.

கல்ஓயா, ஹபரணைப் பகுதி யானைக் காடு. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அண்மையில் யானைக் கூட்டமொன்றில் வண்டி மோதி, யானைகள் பல மாண்டன. அங்கே வண்டி ஆமைபோல ஊர்ந்தால் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்போரைக் கண்டிருக்கிறேன். ஊர்ந்தே செல்லட்டும்.

இத்தகைய பயணத்துக்கு ஒரு மாற்றுடை, தண்ணீர்ப் போத்தல், திரும்பி வரக் காசு, இவை போதும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவது நலம்.

இதனை ஒருநாள் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் விவரித்தபோது, ஆசிரியை ஒருவர், "ஆம்பிளையளுக்குச் சரி, சேர்" என்றார். மறுத்துரைக்க என்னால் இயலவில்லை. ஊரார் அவரிடம் கேட்கக்கூடிய வினாக்கள் மூன்றுடன் நின்றுவிடா. சென்ற தவணை விடுமுறையில் அவர் தனியே பொலன்னறுவைவரை சென்று, பராக்கிரம சமுத்திரக் கட்டிலே சற்று நேரம் இருந்துவிட்டு, மாலை வண்டியில் திரும்பியதாகப் பின்னர் அறிந்தேன். ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.