குடவாசலில் எழுநூறு லிட்டர் கடல்



2010இல் இந்தக் கல்லூரியிலிருந்து கருவியியல் படித்து வெளியே போனவன் நான். சங்கச் செயலாளர் தொலைபேசியில், "தொழிற்சாலை ஆட்டோமேஷன் பற்றி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிடப் பெரியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிற மீன் தொட்டியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். சிரித்தார். சரி என்றும் சொல்லிவிட்டார்.

தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி. அதற்குக் கீழே வடிகட்டும் சின்னத் தொட்டி ஒன்று. இரண்டிலுமாக ஏறக்குறைய எழுநூறு லிட்டர். சாதாரணத் தண்ணீர் இல்லை, கடல் தண்ணீர். குடவாசலில், நெல் வயலுக்கு நடுவில், ஒரு வீட்டுக்குள் கடல் தண்ணீர்!

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. காரணம் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் கடலோர வயல்களில் உப்பு ஏறி நின்றதைப் பார்த்தவர் அவர். "உப்பை வெளியேத்த ஊரே பாடுபடுது. நீ காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வர்றியாடா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கோமாளி மீனைப் பார்த்தவன் பதில் தேடிக்கொண்டு இருப்பானா?

முதல் தவறு தண்ணீரில். எனக்கு அப்போது காரைக்காலில் வேலை. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று, 2016 டிசம்பரில் அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நாலு கேன் பிடித்து வந்தேன். உப்பளவு பார்த்தால் ஆயிரத்துக்கு 22. இருக்க வேண்டியது 35. மழைக்காலத்தில் காவிரிக் கிளைகளும் வடிகால்களும் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் முகத்துவாரத்தில் மிதந்து நிற்கும். போதாததற்கு, வயலுக்கு அடித்த மருந்து மிச்சமும் அதில் இருக்கலாம். தரங்கம்பாடியில் ஒரு மீனவப் பெரியவர் தெளிவாகச் சொன்னார்: "தை, மாசி போகட்டும் தம்பி. பங்குனியில தண்ணி தெளியும். கரையில புடிக்காதே, உள்ள போய்ப் புடிச்சுத் தர்றேன்." அப்படியே 2017 பங்குனியில் முப்பத்தைந்து கேன், கேனுக்கு இருபது லிட்டர், ஒரே நடையாகக் குட்டியானையில் வந்து இறங்கியது. தெருவில் எல்லோரும் சாராயம் என்று நினைத்தார்களாம்.

அதை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. இரண்டு நாள் இருட்டில் தெளிய விட்டு, துணியில் வடிகட்டி, அளவாகப் பிளீச்சிங் பவுடர் போட்டு, காற்றுக் குமிழி விட்டு, மிஞ்சிய குளோரினைச் சோடியம் தயோசல்பேட் போட்டு முறிக்க வேண்டும். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் "ஹைப்போ" என்பார்களே, அதேதான்.

பாறைக்குப் பவளம் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2001 முதல் நம் நாட்டுப் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குள்ள அதே பாதுகாப்பு. கடல் குதிரைக்கும் அப்படியே. கடையில் "லைவ் ராக்" என்று யாராவது நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை இருபத்தொரு தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை 1986இல் அறிவித்ததே இப்படிப் பெயர்த்தெடுத்து விற்கிற பிழைப்பிலிருந்து கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்றுதான். நான் சிமெண்டையும் சிப்பி ஓட்டையும் கலந்து பாறை வார்த்தேன். சிமெண்டின் காரம் போக, தண்ணீர் மாற்றி மாற்றி இரண்டு மாதம் ஊறப் போட்டேன். மீனும் கடலில் பிடித்தது வேண்டாம், குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததுதான் வேண்டும் என்று காத்திருந்து வாங்கினேன். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் வழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றன. தரங்கம்பாடிக்கு அடுத்த ஊர் மாதிரி இருக்கிற பரங்கிப்பேட்டையில் இது நடப்பது நான் படிக்கும்போது எனக்குத் தெரியாது.

மீன் விடுவதற்கு முன் ஆறு வாரம் வெறும் தொட்டி ஓட வேண்டும். சந்தையில் வாங்கிய இரண்டு இறாலை உள்ளே அழுக விட்டேன். (அந்த நாற்றத்துக்காக அம்மாவிடம் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.) அழுகலில் அம்மோனியா வரும்; ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும்; இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவதை ஓரளவு தாங்கும். இதை அப்பாவிடம் விளக்கியபோது, "யூரியா போட்டா மண்ணுல நடக்குறதுதானே?" என்றார். ஆமாம், அதேதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

இனி ஆட்டோமேஷன். தொட்டியிலிருந்து தினம் ஆறேழு லிட்டர் ஆவியாகும். மே மாதத்தில் சூட்டைக் குறைக்க மேலே மின்விசிறி ஓட விட்டால் பத்தைத் தாண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் சரிப்படாது; 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டிய மழைநீர்ச் சேகரிப்புதான் கைகொடுத்தது. மாடியில் ஐந்நூறு லிட்டர் டிரம், அதிலிருந்து ஒரு பம்பு, கீழ்த் தொட்டியில் ஒரு மிதவை ஸ்விட்ச், நடுவில் அர்டுயினோ போர்டும் ரிலேயும். வெப்பநிலை, விளக்கு, நுரை பிரிக்கும் கருவி எல்லாம் அதே போர்டில். அளவு தப்பினால் என் கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். வரும். ஓராண்டு பிரமாதமாக ஓடியது. அலுவலகத்தில் நண்பர்களிடம் பெருமையடித்தேன்.

2018 ஏப்ரலில் ஒரு ராத்திரி அந்த ரிலே ஒட்டிக்கொண்டது. மோட்டார் ஓடும் சர்க்யூட்டில் சின்ன ரிலே போட்டால் தீப்பொறி தட்டித் தட்டிக் காண்டாக்ட் உருகிப் பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தொழிற்சாலையில் ஜூனியர் பையன் இப்படிப் போட்டால் நானே கையெழுத்துப் போட மாட்டேன். வீடுதானே என்று அலட்சியம். போர்டு "நிறுத்து" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பம்பு கேட்கவில்லை. விடிவதற்குள் முந்நூறு லிட்டருக்கு மேல் மழைத்தண்ணீர் உள்ளே போய், அதே அளவு உப்புத்தண்ணீர் ஹாலில் வழிந்தது. உப்பளவு 23க்கு இறங்கிவிட்டது. மீன்கள் தாங்கின. இறால், நத்தை, நட்சத்திர மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உப்பை ஒரே நாளில் ஏற்றினால் மீனும் போய்விடும் என்று ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

அன்று காலையில் நான் போர்டை எடுத்து வைத்துக்கொண்டு, புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்பா ஹாலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "வயலுக்குத் தண்ணி வைக்கிறதுக்கு முன்னாடி வடிய எங்க வழின்னு பாப்போம். நீ வரத்தை மட்டும் கட்டியிருக்கே. வந்தா எவ்வளவு வரும்னு யோசிக்கலையே? ஐந்நூறு லிட்டரை ஏன் அதுகிட்ட குடுத்தே?"

நான் நான்கு வருஷம் இங்கே படித்தேன், எட்டு வருஷம் வேலை பார்த்தேன். அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மாடி டிரம்மைக் கழற்றிவிட்டு, பம்பைப் பதினைந்து லிட்டர் வாளிக்குள் வைத்தேன். ரிலே ஒட்டட்டும், புரோகிராம் பைத்தியம் பிடிக்கட்டும். உள்ளே போவது பதினைந்து லிட்டர்தான், 35 என்பது 34க்குக் கீழே போகாது. வாளியைத் தினம் கையால் நிரப்ப வேண்டும். "அப்புறம் என்ன ஆட்டோமேஷன்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும். அதற்கு மேலே, போர்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் பம்பின் மின்கம்பியிலேயே இன்னொரு மிதவையும் வைத்தேன். கீழ்த் தொட்டிக்கு ஒரு வடிகால் குழாயும் வைத்தேன், கொல்லைப்பக்கம் தென்னையை விட்டு விலகி.

ஏழு மாதம் கழித்துக் கஜா வந்தது. 2018 நவம்பர் 15 இரவு நான் வேலையில் மாட்டிக்கொண்டேன். 16 விடியற்காலையில் புயல் கரையைக் கடந்தது. டவர் இல்லை, எஸ்.எம்.எஸ். இல்லை, சாலை முழுக்க மரம். வீட்டு இன்வெர்ட்டர் காலைக்குள் தீர்ந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும்; அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. உப்புத் தண்ணீரில் கரையும் பிராணவாயு நல்ல தண்ணீரைவிடக் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு ஏழு மில்லிகிராமைக்கூடத் தொடாது. பம்பு நின்றால் சில மணி நேரம்தான். மீனைப் பற்றிய நம்பிக்கையை விட்டுவிட்டு, வீட்டு ஓடு தப்பியதா என்ற கவலையோடுதான் 17ஆம் தேதி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன்.

ஹாலில் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் திண்ணையில் தூங்கினார்கள். அவர்கள் முறை முடிந்திருந்தது. ஒன்றரை நாளாக இப்படி. "பம்பு எதுக்குன்னு கேட்டப்ப தண்ணியில காத்து கலக்கன்னு சொன்னியே. காப்பி ஆத்துற மாதிரிதானேன்னு ஆத்துனோம்" என்றார். கும்பகோணம் பக்கத்துக் காப்பி வீண் போகவில்லை! பதினொரு மீனில் இரண்டு செத்திருந்தன. மைக்செட் கடையில் கெஞ்சி ஒரு ஜெனரேட்டர் வாங்கிவந்து, நாளுக்கு ஆறு மணி நேரம் என்று ஓட்டினேன்; மிச்ச நேரம் சொம்புதான். எங்கள் தெருவுக்கு மின்சாரம் 19ஆம் தேதி சாயங்காலம் வந்தது.

இப்போது தொட்டிக்கு நேர்மின்னோட்டத்தில் ஓடும் பம்பு, தனி பேட்டரி, மாடியில் சின்ன சோலார் தகடு எல்லாம் இருக்கின்றன. முக்கியமான மாற்றம் ஒன்று: போர்டுக்குப் பக்கத்தில் பெரிய சிவப்பு ஸ்விட்ச். அதைத் திருப்பினால் என் மூளை முழுவதும் விலகிக்கொள்ளும். காற்றுப் பம்பு மட்டும் பேட்டரியில் நேராக ஓடும். சுவரில் தமிழில் மூன்று வரி எழுதி ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் இயக்கலாம். வீட்டில் அதற்குப் பெயர் "அம்மா ஸ்விட்ச்". எங்கள் ஆற்று ரெகுலேட்டரில் மோட்டார் வைத்த பிறகும் லஸ்கர் கையால் சுற்றுகிற சக்கரத்தைக் கழற்றவில்லை என்று அப்பா அடிக்கடி சுட்டிக்காட்டுவார். அவர் இப்போது இல்லை. 2021இல் போய்விட்டார்.

அவர் இருக்கும்போதே, 2020 ஊரடங்கில், கோமாளி ஜோடி மண்தொட்டி ஓட்டில் முட்டையிட்டது. கோமாளி மீன் எல்லாம் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். முட்டையை ஆண்தான் துடுப்பால் விசிறி விசிறிக் காக்கும். ஏழெட்டாம் நாள் இருட்டிய பிறகு பொரியும். குஞ்சுக்கு முதல் தீனி கண்ணுக்கே சரியாகத் தெரியாத ரோட்டிஃபர். அதை வளர்க்கப் பச்சைப் பாசி. அந்தப் பாசியை வளர்க்க நான். முதல் இரண்டு ஈடும் நாலைந்து நாளில் போய்விட்டன. மூன்றாவது ஈட்டில் பதினான்கு நின்றன. வெள்ளைப் பட்டை விழுந்த அன்றைக்கு அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், உப்பை மறந்துவிட்டு.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். பம்பு நிற்பதற்குச் சில நாள் முன்பே அதன் சத்தம் மாறுகிறது. அம்மாவுக்கு அது கேட்கிறது, என் சென்சாருக்குக் கேட்கவில்லை. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு யாராவது அதை எடுத்துக்கொள்வதாக இருந்தால் என் தொட்டியைத் தருகிறேன், பாகங்கள் வாங்கும் செலவும் என்னுடையது. துறைத்தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் கையில் சோப்பு வாசனை இல்லாமல் வரவும். நான் ஆறு மணிக்கு மேல்தான் வீடு திரும்புவேன். அதற்கு முன்னால் வந்தால் அம்மா காட்டுவார்.