துளையும் அடிப்பும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மோட்டர் எஞ்சினைப் பற்றிப் பேச இந்த மேடையா அகப்பட்டது என்று பெரியவர் ஒருவர் கேட்டார். செக்கைப் பற்றியும் பேசுவோம் என்று சொல்லியே அவரிடம் அனுமதி பெற்றோம்.

உருளையின் உள்விட்டத்தைத் துளை என்போம். அதனுள் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் அடிப்பு. கிராங்கின் கை அடிப்பிற் பாதி. ஆகவே, அடிப்பு நீண்டால் கையும் நீளும். கை நீண்டால் சுழற்றும் முறுக்குவிசை கூடும் என்பது கராஜுகளில் வழங்கும் நியாயம். நாமும் விடுதியில் இதற்காக நள்ளிரவு வரை வாதாடியவர்களே. கணக்கிட்டுப் பார்த்த அன்றுதான் எமது கட்சி தோற்றது.

செக்கை நினைத்துப் பாருங்கள். நீண்ட தடியில் ஒரு மாட்டைப் பூட்டலாம். அதிற் பாதி நீளமுள்ள தடியில் இரண்டு மாடுகளைப் பூட்டலாம். உலக்கை சுழலும் வலு இரண்டிலும் ஒன்றே. துளையின் பரப்பு மாடுகளின் தொகை. அடிப்பு தடியின் நீளம். இரண்டையும் பெருக்கினால் வருவது உருளையின் கொள்ளளவு. வாயுவின் அமுக்கம் சமமாயின், முறுக்குவிசையைத் தீர்மானிப்பது அக்கொள்ளளவேயன்றி அடிப்பு மாத்திரமன்று.

1956இல் வந்த மொரிஸ் மைனர் 1000 எஞ்சினுக்குத் துளை 62.9 மில்லிமீற்றர், அடிப்பு 76.2, கொள்ளளவு 948 கன சென்ரிமீற்றர். 1959இல் வந்த போர்ட் அங்கிலியாவுக்குத் துளை 81, அடிப்பு 48.4 மாத்திரமே, கொள்ளளவு 997. கராஜ் நியாயப்படி மைனர் வெகுதூரம் முந்தவேண்டும். ஆனால் மைனரின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 50 இறாத்தல் அடி, அங்கிலியாவினது 53. கொள்ளளவு எவ்வளவு கூடியதோ, முறுக்குவிசையும் அவ்வளவே கூடியிருக்கிறது!

அப்படியாயின் அடிப்பினால் வேறுபாடே இல்லையா? உண்டு. குறுந்தடி மாடுகள் சிறு வட்டத்தில் நடப்பவை. அதே நடையில் அவை இருமடங்கு சுற்றுச் சுற்றிவிடும். குதிரைவலு என்பது முறுக்குவிசையைச் சுற்றுவேகத்தாற் பெருக்கி வருவது. மைனரின் பிஸ்டன் நிமிடத்துக்கு 4800 சுற்றில் செக்கனுக்குச் சராசரி 12 மீற்றர் ஓடுகிறது. அங்கிலியாவின் பிஸ்டன் அவ்வேகத்தை அடைய ஏறக்குறைய 7500 சுற்று வேண்டும். அகன்ற துளையில் பெரிய வால்வுகளுக்கும் இடமுண்டு. 1960இல் பந்தயக்காரர் இந்த எஞ்சினையே 7000 சுற்றுக்கு மேல் ஓட்டி, அதன் 39 குதிரைவலுவை ஏறக்குறைய இரட்டித்தனர்.

ஆயினும் பழைய நெடு அடிப்பு எஞ்சின் ஏற்றத்தில் மெல்ல மெல்ல இழுத்தேறும் என்று சாரதிகள் சொல்வது பொய்யன்று. அவர்களது அனுபவம் சரி, காரணந்தான் வேறு. ஒடுங்கிய துளையில் வால்வுகள் சிறியவை. அதிவேகத்தில் அவ்வெஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதனால் குறைந்த வேகத்திலேயே உருளை நன்கு நிரம்புமாறு வால்வுகள் திறக்கும் நேரத்தை அமைத்தார்கள்.

துளையை ஏன் ஒடுக்கினார்கள்? வரிதான்! இங்கிலாந்தில் 1921 முதல் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வரி. அந்தக் குதிரைவலுவைத் துளையையும் உருளைகளின் தொகையையும் கொண்டே கணித்தார்கள். அடிப்பு கணக்கிற் சேரவில்லை. அம்முறை 1947இல் கைவிடப்பட்டது. ஆனால் 1948இல் முதல் மொரிஸ் மைனர் வெளிவந்தபோது, அதனுள் இருந்தது 57 மில்லிமீற்றர் துளையும் 90 மில்லிமீற்றர் அடிப்புங்கொண்ட அந்தப் பழைய வரிக்கால எஞ்சினே.