உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பழமொழி. இல்வாழ்க்கைக்கு அது நல்லறம். தேர்தலில் வென்று ஆள வருவோர்க்கு உப்பிட்டவர் யார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சில நாடுகளில் தேர்தல் தவறாமல் நடைபெறும், எதிர்க்கட்சிகளும் இருக்கும், ஆளுங்கட்சி மட்டும் தோற்பதில்லை. பாதி குடியாட்சி, பாதி தனியாட்சி என்று அவற்றைக் கூறலாம். மெக்சிகோ நெடுங்காலம் அத்தகைய நாடாக இருந்தது. 1929-இல் தோன்றிய கட்சி ஒன்று, இருமுறை பெயர் மாறியும், 71 ஆண்டுகள் குடியரசுத் தலைவர் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை.

1993 பிப்ரவரியில் ஓரிரவு, முன்னாள் நிதியமைச்சர் ஒருவரின் இல்லத்தில் விருந்து நடந்தது. குடியரசுத் தலைவர் சாலினாஸும் ஏறத்தாழ முப்பது பெருஞ்செல்வரும் அமர்ந்திருந்தனர். அடுத்த ஆண்டுத் தேர்தலுக்காக ஒவ்வொருவரும் இரண்டரைக் கோடி டாலர் தரவேண்டுமெனக் கேட்கப்பட்டது. அரசுடைமையாக இருந்த தொலைபேசிக் கம்பெனியும் வங்கிகளும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தாம் தனியாருக்கு விற்கப்பட்டிருந்தன. அவற்றை வாங்கியவர் சிலரும் அவ்விருந்தில் இருந்தனர்!

விரும்பிக் கொடுத்தால் நன்கொடை. அஞ்சிக் கொடுத்தால் கப்பம். இலாபம் கருதிக் கொடுத்தால் முதலீடு. அவ்விருந்தில் இம்மூன்றையும் பிரித்தறிய யாரால் இயலும்?

செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. நாடே கொதித்தது, கட்சி பின்வாங்கியது. 1996-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், கட்சிகளின் செலவில் பெரும்பகுதியைப் பொதுக் கருவூலமே ஏற்கச் செய்தது. தேர்தல் நிறுவனத்தை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. 1997-இல் ஆளுங்கட்சி கீழ்ச்சபையில் பெரும்பான்மையை இழந்தது; 2000-இல் தலைவர் பதவியையும் இழந்தது.

ஆயினும், சட்டத்தால் மட்டும் பணம் அடங்கிவிடவில்லை. அரசு எண்ணெய்க் கம்பெனியின் தொழிற்சங்கத்திலிருந்து 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு மறைவாகப் பணம் பெற்றதற்காக, 2003-இல் அப்பழைய கட்சிக்கு நூறு கோடி பெசோ அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில், வென்ற அணிக்கும் அதன் தேர்தல் நிதி பற்றிய குற்றத்துக்காக அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டும் தேர்தல் முடிந்து மூன்றாண்டுகள் சென்ற பின்னரே வந்தன என்பது குறைதான். எனினும், தோற்றவரைத் தண்டிப்பது எளிது. வென்றவரின் கணக்கையும் அஞ்சாது புரட்டிப் பார்ப்பதன்றோ அரிது! அவ்வுரிமை உள்ள நாளில்தான் பாதிக் குடியாட்சி முழுமையை நோக்கி நடக்கத் தொடங்குகிறது என்பேன்.

கருவூலத்துப் பணம் மக்களின் உப்பு. அதனை உண்டவர் மக்களை நினைப்பர் என்று நம்பியிருத்தல் போதாது; நினைக்கின்றனரா என்று கணக்குக் கேட்கவும் வேண்டும்.