வழியறியும் மூளையும் வளரும் நினைவும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மூளையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கற்பவை அனைத்தும் சென்று தங்கும் இடம் அதுவன்றோ? "படிப்பு ஏறவில்லை" என்று ஒரு பிள்ளையைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கல்வி சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது, சிலருக்கு வாய்க்காதது என்னும் எண்ணம் நம்மிடையிலும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவ்வெண்ணம் சரிதானா என்பதை அறிவியலின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சிறு சோதனை. சென்ற ஞாயிற்றுக்கிழமை யாரைச் சந்தித்துப் பேசினோம் என்று நினைத்துப் பார்ப்போம். பேசிய சொற்களுக்கு முன்னரே ஓர் இடம் உள்ளத்தில் எழுகிறது: வீட்டுத் திண்ணை, தேநீர்க் கடை, பேருந்து நிறுத்தம். நிகழ்ச்சியை நினைக்கப் புகுந்தால் இடம் முன்வந்து நிற்கிறது. இது தற்செயலன்று. வழியை அறிவதும், நிகழ்ந்ததை நினைவில் வைப்பதும் மூளையின் ஒரே உறுப்பைப் பெரிதும் சார்ந்துள்ளன.

அவ்வுறுப்பின் பெயர் ஹிப்போகாம்பஸ். கடற்குதிரை என்பது அப்பெயரின் பொருள். வடிவத்தால் பெற்ற பெயர் அது. இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் பக்க மடல்களின் ஆழத்தில், பக்கத்திற்கு ஒன்றாக அமைந்துள்ளது. அளவில் ஏறத்தாழ நம் சுண்டு விரலை ஒத்தது.

இதன் அருமையை உலகம் ஒரு துயர நிகழ்ச்சியின் வாயிலாகவே அறிந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலேசன் என்னும் இளைஞர் கடுமையான வலிப்பு நோயால் வருந்தினார். 1953ஆம் ஆண்டு, அவருடைய 27ஆம் வயதில், அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவருடைய இருபுறத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அதனை அடுத்த பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சியை மனத்தில் பதிக்கும் ஆற்றலும் உடன் போயிற்று. சற்று முன் உரையாடிச் சென்றவர் மீண்டும் வந்தால், புதியவரைக் காண்பதுபோல் வரவேற்றார்.

கனடா நாட்டில் பணியாற்றிய உளவியலறிஞர் பிரெண்டா மில்னர் அவரைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் விண்மீன் வடிவத்தைப் பார்த்தபடியே அதன் கோடுகளுக்குள் வரைய வேண்டும் என்பது ஒரு பயிற்சி. மொலேசன் நாளுக்கு நாள் அதில் தேர்ச்சி பெற்றார். ஆயினும் ஒவ்வொரு நாளும் அதனை முதன்முறையாகச் செய்வதாகவே கருதினார். கைப்பழக்கம் மூளையில் வேறு வழியாகப் பதிகிறது, "இன்ன நாளில் இன்ன இடத்தில் இதனைச் செய்தேன்" என்னும் நிகழ்வு நினைவு வேறு வழியாகப் பதிகிறது என்னும் உண்மை இதனால் புலனாயிற்று. மொலேசன் 2008ஆம் ஆண்டு, தம் 82ஆம் வயதில் மறைந்தார். தாம் அறிவியலுக்கு அளித்த கொடை எத்தகையது என்பதைக்கூட அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை.

இனி, வழியறியும் ஆற்றலைக் காண்போம். ஒரு விலங்கு வழியைப் பழகும்போது, மனத்தில் ஒரு வரைபடத்தையே அமைத்துக்கொள்கிறது என்று அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு டோல்மன் 1948ஆம் ஆண்டு எழுதினார். அவ்வரைபடம் மூளையில் எங்கேயுள்ளது? 1971ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜான் ஓ'கீஃப், ஜொனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி என்னும் இருவர் இதற்கு விடை கண்டனர். எலியின் ஹிப்போகாம்பஸில் உள்ள சில நரம்பணுக்கள், அவ்வெலி ஒரு குறிப்பிட்ட இடத்தை அடையும்போது மட்டும் விரைந்து துடித்தன. ஓரணு ஒரு மூலைக்கு. மற்றோரணு மற்றொரு மூலைக்கு. இவற்றை இட அணுக்கள் என்பர்.

2005ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ட்ரோன்ஹெய்ம் நகரில் மை-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தார், ஹிப்போகாம்பஸை அடுத்த பகுதியில் வேறொரு வகை அணுக்களைக் கண்டனர். எலி நடந்து செல்லும் தரையெங்கும் சம இடைவெளியில் அமைந்த புள்ளிகளில் ஒவ்வோரணுவும் துடித்தது. அப்புள்ளிகளை இணைத்தால் முக்கோணங்களால் ஆன வலை உருவாகும். நில அளவையாளர் கையில் உள்ள சங்கிலி போல, இவ்வணுக்கள் மூளைக்குள் தொலைவை அளக்க உதவுகின்றன எனலாம். ஓ'கீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இதுகாறும் கூறியவை உறுப்பின் இயல்பு. அவ்வுறுப்பு பயிற்சியால் மாறுமா? நம் நோக்கத்திற்கு இன்றியமையாத வினா இதுவே. விடை தந்தோர் பேரறிஞரல்லர். இலண்டன் மாநகரின் டாக்சி ஓட்டுநர்கள்.

அந்நகரில் டாக்சி ஓட்ட உரிமம் பெறுவது எளிதன்று. சேரிங் கிராஸ் என்னுமிடத்தைச் சுற்றி ஆறு மைல் வட்டத்திற்குள் அமைந்த ஏறத்தாழ 25,000 தெருக்களையும் ஆயிரக்கணக்கான கட்டடங்களையும் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும். இத்தேர்வுக்கு 'அறிவு' என்று பொருள்படும் 'நாலெட்ஜ்' என்பதே பெயர். மாணவர்கள் மொபெட்டில் தெருத் தெருவாக மழையிலும் குளிரிலும் அலைவர்; வீடு திரும்பி வழிகளை உரக்க ஒப்பிப்பர். இவ்வாறு 3 அல்லது 4 ஆண்டுகள் கழியும்.

அறிவியலறிஞர் எலினார் மக்வாயர் குழுவினர், 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இவ்வோட்டுநர் 16 பேரின் மூளையைப் படமெடுத்துப் பிறரோடு ஒப்பிட்டனர். ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. தொழிலில் ஆண்டுகள் கூடுந்தோறும் அப்பகுதியும் பெரிதாகக் காணப்பட்டது. அப்பகுதி இயல்பிலேயே பெரிதாக உள்ளவர்தாமே இத்தொழிலுக்கு வருகின்றனர் என்று எவரும் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதற்கும் விடை கிடைத்தது. கேத்தரின் வூலட், மக்வாயர் இருவரும் 79 மாணவர்களைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் பலரை மீண்டும் ஆராய்ந்தனர். முடிவு 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. 39 பேர் தேர்ச்சி பெற்றிருந்தனர். தொடக்கத்தில், தேறியோருக்கும் தேறாதோருக்கும் இடையே ஹிப்போகாம்பஸின் அளவிலோ நினைவாற்றலிலோ வேறுபாடு தென்படவில்லை. பின்னர், தேறியோரின் ஹிப்போகாம்பஸில் மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது. பள்ளிப் பருவம் கடந்த, உழைத்து உண்ணும் மக்களின் மூளை, கற்றலால் உருமாறியது!

இவ்வாய்வில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி மற்றொன்று. தேறியோர் வாரத்திற்குச் சராசரியாக 34 மணி நேரத்திற்கு மேல் பயின்றனர். தேறாதோர் அதில் ஏறத்தாழப் பாதியளவே பயின்றனர். பிறவிக் கூறு எதுவுமே இல்லை என்று இவ்வாய்வு நிறுவிவிட்டதாக நாம் உரைக்கமாட்டோம். மூளையின் மாறும் இயல்பு ஆளுக்காள் சிறிது வேறுபடவும் கூடும். ஆயினும், தொடங்கியபோது ஒருநிலையில் நின்றோரிடையே கண்ணுக்குத் தெரிந்த பெரிய வேறுபாடு, பயில்வதற்குச் செலவிட்ட நேரமே.

இளைஞர்களே! இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. ஒன்று, கற்றதை இடத்தோடு இணைத்துப் பழகுங்கள், நடந்தபடி ஒப்பியுங்கள், நண்பருடன் உரக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு, தேர்வுக் காலத்தில் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில் எலி ஓடிய வழியைச் சார்ந்த அணுக்கள் அதன் உறக்கத்தில் மீண்டும் துடிப்பதை 1994ஆம் ஆண்டு வில்சன், மெக்நாட்டன் என்போர் கண்டறிந்தனர். கற்றது உறுதிப்படும் வேளைகளுள் உறக்கமும் ஒன்று. மூன்று, வீட்டு முதியோர் பழகிய தெருவிலேயே வழி தடுமாறினால், அதனை நகைத்து ஒதுக்காதீர்கள். ஆல்சைமர் என்னும் மறதி நோய் முதலில் தாக்கும் பகுதிகளுள் ஹிப்போகாம்பஸும் அதனை அடுத்த பகுதியும் அடங்கும். அவர்களை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியோர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கூலி வேலைக்குச் சென்று திரும்பும் மகனுக்கும், தண்ணீர் சுமந்து தம்பி தங்கையரைப் பேணும் மகளுக்கும், வாரத்தில் எத்தனை மணி நேரம் படிப்பதற்கு மிஞ்சுகிறது? 25 ஆண்டுகளாக இச்சங்கம் மாலை வகுப்பின் வாயிலாக அப்பிள்ளைகளுக்கு அளித்துவந்த பெருங்கொடை அந்த நேரமே. நம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், இடையிலேயே நின்றுபோன பெயர்களும் உள. நாளை முதல் அவர்தம் இல்லங்களுக்குச் செல்வோம். "ஏன் படிப்பு ஏறவில்லை?" என்று கேளாமல், "படிக்கும் நேரம் எங்கே போயிற்று?" என்று கேட்போம். அந்நேரத்தை மீட்டுத் தருவதே வெள்ளி விழாவைக் கடந்து செல்லும் நம் சங்கத்தின் அடுத்த பணியாகட்டும்.